வன்னி றோட்டுக்கு எந்தப் பெரிய கார்: புதுசா, பாவித்ததா?

கிளிநொச்சியில் கல்யாணத்துக்கு வாகனம் பிடிக்க வருகிறவர்கள் படியேறும்போதே கேட்பது ஒன்றுதான்: "அண்ணை, பென்ஸ் இருக்கோ?" எங்களிடம் இருப்பவை இரண்டு வான், ஒரு பிரிமியோ. பிரிமியோவுக்குப் பூக் கட்டி அனுப்பினால் யாரும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் பெரிய வாடகையெல்லாம் யாழ்ப்பாணத்திலிருந்து வரும் கார்களுக்கே போய்க்கொண்டிருந்தது. இந்த வருடம் ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் பாதிப் பணம் போடுவதாகச் சொன்ன பிறகு, சரி, ஒரு பெரிய காரை எடுப்போம் என்று இறங்கினோம். கல்யாணத்துக்கும் ஓடவேண்டும், ஊருக்கு வரும் வெளிநாட்டுக்காரரைக் கட்டுநாயக்காவில் ஏற்றி இறக்கவும் வேண்டும். மூன்று மாதமாகக் கொழும்பு, நீர்கொழும்பு, யாழ்ப்பாணம் என்று பார்த்ததையும் கேட்டதையும் எழுதுகிறேன். இதே யோசனையில் இருப்பவர்கள் வன்னியில் இன்னும் பலர் உண்டு என்று தெரியும்.

விலை எதுவும் எழுதவில்லை. மாதத்துக்கு மாதம் மாறுகிறது; இன்று எழுதினால் நாளைக்குப் பழசு. ஆனால் விலை எப்படி உண்டாகிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

மச்சானின் முதல் ஆசை புத்தம் புதுசு. பென்ஸின் உச்சக் காரான எஸ் கிளாஸில் இப்போது உள்ளது 2020-இல் வந்த டபிள்யூ 223 என்ற தலைமுறை. பி.எம்.டபிள்யூ.வின் உச்சக் காரான ஏழு சீரீஸில் 2022-இல் வந்த ஜி 70 தலைமுறை; அதே உடம்பில் முழு மின்சாரத்தில் ஓடும் ஐ7-உம் இருக்கிறது. இரண்டும் அழகுதான். ஜி 70-இன் நீளம் 5,391 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட பதினெட்டு அடி. எங்கள் வீட்டு முற்றத்தில் வேப்பமரத்தை வெட்டாமல் அதைத் திருப்ப முடியாது. எஸ் கிளாஸில் பின் சக்கரங்களும் சேர்ந்து திரும்பும் வசதி இருப்பதால் சின்ன ஒழுங்கையிலும் வளைந்துவிடும். இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தால் புதுசில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையெல்லாம் வரியில்தான். சுங்கத் தீர்வை, எஞ்சின் கொள்ளளவுக்கு ஏற்ற உற்பத்தித் தீர்வை, ஓர் எல்லையைத் தாண்டும் பெறுமதிக்குச் சொகுசு வரி, இவை எல்லாவற்றுக்கும் மேல் 18 வீத வற் வரி. ஜேர்மனியில் தொழிற்சாலைக் கதவால் வெளியே வரும்போது இருந்த விலைக்கும் நம்முடைய முற்றத்துக்கு வரும்போது இருக்கும் விலைக்கும் தொடர்பே இராது. அந்தப் பணத்தைக் கல்யாண வாடகையில் திருப்பி எடுக்க இந்த மாவட்டத்தில் அவ்வளவு கல்யாணம் நடக்கவேண்டுமே.

"கார் வாங்கினா காசு காரிலையே கிடக்கும், விலை இறங்காது" என்று மாமா சொன்னார். அவர் பிழையாகச் சொல்லவில்லை, கண்ணால் கண்டதைத்தான் சொன்னார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பவும் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் புதுசு வரவில்லை, ரூபாய் விழுந்தது, பழைய கார்களின் விலை தானாக ஏறியது. காணி உறுதிபோலக் காரையும் பெட்டிக்குள் வைத்துக் காத்தார்கள். ஆனால் உலகம் முழுக்க, வாங்கிய நாளிலிருந்து மிக வேகமாக விலை இறங்கும் கார்களில் முன்னுக்கு நிற்பவை இந்த உச்சக் கார்கள்தான். அந்த இறக்கத்தை நமக்குத் தடை மறைத்து வைத்திருந்தது, அவ்வளவே. இனி மறைக்க ஒன்றுமில்லை. ஆகவே அந்த இறக்கத்தின் பெரும் பங்கை வேறு யாரோ ஏற்கெனவே சுமந்து முடித்த காரை எடுப்பதுதான் எங்களைப் போன்றவர்களுக்குச் சரி என்று தீர்மானித்தோம். புதுசு என்ற பேச்சு அதோடு முடிந்தது.

பாவித்ததில் எது? இங்கேதான் எனக்கும் கொழும்பில் கார் விற்பவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. அவர்கள் எஞ்சின், தோல், திரை, பாட்டுப் பெட்டி என்று காட்டினார்கள். நான் குனிந்து வயிற்றைப் பார்த்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். போன வருடம் தருமபுரம் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு, வெளியே ஒருவரிடமிருந்து பழைய ஏழு சீரீஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்து நானே ஓட்டிப்போனேன். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ35 நல்ல றோட்டு. அதிலிருந்து உள்ளே இறங்கிய கிரவல் பாதையில், வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு மதகு. மாரியில் இரண்டு பக்கத்து மண்ணும் கரைந்துபோய், மதகு மட்டும் முதுகு தூக்கி நின்றது. முன் சக்கரம் ஏறி இறங்கியது. அடுத்த நொடி அடியில் 'கிரீச்' என்று ஒரு சத்தம். கார் நடுவில் உட்கார்ந்துவிட்டது. பின்னால் பொம்பிளையும் தோழியும், அவர்களோடு ஒரு மாமி. எல்லாரும் இறங்கினார்கள். சேலைக் கரையைக் கையில் தூக்கிப் பிடித்தபடி அந்தப் பிள்ளை வாய்க்கால் ஓரம் நின்றதை இப்போதும் மறக்க முடியவில்லை. ஆட்கள் இறங்கியதும் கார் இரண்டு விரல் உயர்ந்தது, மெல்லத் தள்ளி எடுத்தோம். கல்யாணம் நல்லபடி நடந்தது. எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கணக்கு இதுதான். நீள எஸ் கிளாஸில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைத்தூரம் 3,165 மில்லிமீற்றர், நீள ஏழு சீரீஸில் 3,210. அதாவது பத்தடிக்கு மேல். நிலத்திலிருந்து வயிறு இருக்கும் உயரமோ கிட்டத்தட்ட ஐந்து அங்குலம்தான். பத்தடி நீளத்துக்கு ஐந்து அங்குலத்தில் தொங்கும் வயிறு மதகையும் குளக்கட்டையும் கடப்பது லேசல்ல. மணமக்கள் காலை நீட்டி இருக்க அந்த நீளம் வேண்டும், பெண்ணின் சேலை கசங்காமல் இருப்பதும் அதனால்தான். நீளத்தை விட்டுக்கொடுக்க முடியாது. அப்போது உயரத்தைத்தான் எப்படியாவது சேர்க்கவேண்டும்.

உயரத்தைச் சேர்ப்பது காற்று. ஸ்பிறிங் இருக்கவேண்டிய இடத்தில் றப்பர் பை, அதற்குள் கொம்பிரசர் அடிக்கும் காற்று. பென்ஸில் இதற்கு எயார்மற்றிக் என்று பெயர். 2005 முதல் 2013 வரை வந்த டபிள்யூ 221, 2013 முதல் 2020 வரை வந்த டபிள்யூ 222 இரண்டிலும் நாலு சக்கரத்துக்கும் காற்று. ஒரு பொத்தானை அமத்தினால் கார் முழுவதும் கிட்டத்தட்ட 30 மில்லிமீற்றர் எழும்பும். வேகம் கூடினால் தானாக இறங்கிவிடும். 30 மில்லிமீற்றர் என்றால் ஒன்றேகால் அங்குலம்கூட இல்லை. ஆனால் அந்த மதகில் என்னைக் காப்பாற்றியது இரண்டு விரல் என்று சொன்னேனே, அதே அளவுதான் இது.

2008 முதல் 2015 வரையான நீள ஏழு சீரீஸில், அதாவது எஃப் 02-இல், காற்றுப் பை பின் சக்கரங்களுக்கு மட்டும். சுமை ஏறினால் பின்பக்கம் தொங்காமல் சமமாக வைப்பதற்கே அது. காரைத் தூக்க முடியாது. நான் மதகில் மாட்டிய கார் இதுதான். ஓட்டுவதற்கு அருமையான கார், பொய் சொல்லமாட்டேன். ஏ9-இல் மாங்குளம் தாண்டி ஓட்டிப்போகும்போது கையில் இருப்பதே தெரியாது. ஆனால் அதன் 750 வகையில் இருக்கும் வி8 எஞ்சின் ஒயில் குடிக்கும். இரண்டு டர்போவும் எஞ்சினின் நடுவில் இருப்பதால் உள்ளே சூடு அதிகம், றப்பரும் பிளாஸ்ரிக்கும் சீக்கிரம் வெந்துபோகும். வன்னி வெயிலுக்கு அது வேண்டவே வேண்டாம்.

2015-இல் வந்த அடுத்த நீள ஏழு சீரீஸான ஜி 12-இல் நாலு சக்கரத்துக்கும் காற்று வந்துவிட்டது, 20 மில்லிமீற்றர் தூக்கும். இலங்கையில் இதில் அதிகம் கண்ணில் படுவது 740 எல்.ஈ. என்ற பிளக் இன் ஹைபிரிட். இரண்டு லீற்றர் நாலு சிலிண்டர் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து 326 குதிரைவலு. 9.2 கிலோவாட் மணி பற்றரி பின் சீற்றுக்குக் கீழே. வீட்டில் சார்ஜ் போட்டால் கிளிநொச்சி நகரத்துக்குள் பெற்றோலே இல்லாமல் ஓடித் திரியலாம். என் கண்ணில் இதுதான் நல்ல போட்டி கொடுத்த கார். மனதைத் திருப்பியவை மூன்று. முதலாவது பூட்: பற்றரி இடத்தைப் பிடிக்க, 420 லீற்றர்தான் மிச்சம். கனடாவிலிருந்து நாலு பேர் வந்தால் பெட்டி எத்தனை வரும் என்று நமக்குத் தெரியும். இரண்டாவது ரயர்: காற்றுப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடும் ரன் பிளாற் ரயர் போடுவதால் ஸ்பெயார் சில்லுக்கு இடமே வைக்கவில்லை. விசுவமடுவில் ஒட்டுப் போடும் தம்பிக்கு அந்த ரயரைக் கழற்றவே மெசின் இல்லை. மூன்றாவது பற்றரியின் வயது. 2016, 2017 கார்கள் இப்போது பத்து வருடத்தைத் தொடுகின்றன. அந்தப் பெரிய பற்றரி தளர்ந்தால் செலவு சின்னதல்ல.

பென்ஸ் பக்கம் டபிள்யூ 221 மலிவு. பார்வைக்கு இன்றும் கம்பீரம். ஆனால் 2006, 2007 வண்டிகளில் இருக்கும் எம் 272 என்ற வி6 எஞ்சினுக்குள் ஒரு சின்னப் பற்சில்லு தேய்ந்துபோகும் குறை உலகறிந்தது. அதை மாற்ற எஞ்சினையே இறக்கவேண்டும். 221 எடுப்பதென்றால் 2011-க்குப் பிந்தியதை, புதிய வி6 வந்த பிறகு உள்ளதை எடுக்கவேண்டும். அப்படியான நல்லது கிடைத்தால் அதிலும் பிழையில்லை, எங்களுக்குக் கிடைக்கவில்லை.

டபிள்யூ 222-இல் இரண்டு வகை மனதில் நின்றன. எஸ் 300 புளூடெக் ஹைபிரிட் டீசல்: 2.1 லீற்றர் நாலு சிலிண்டர், ஸ்பிறின்டர் வானிலும் ஓடும் அதே குடும்பத்து எஞ்சின். இவ்வளவு பெரிய காருக்கு எரிபொருள் மிகக் குறைவு. கொழும்புக்கும் கிளிநொச்சிக்கும் கிட்டத்தட்ட 330 கிலோமீற்றர். போய்வந்த பிறகும் ராங்கில் மிச்சம் இருக்கும். ஆனால் புகையை வடிக்கும் பகுதிக்குக் கந்தகம் ஆகாது. சாதாரண ஓட்டோ டீசல் அடித்தால் கொஞ்ச நாளில் அடைத்துக்கொள்ளும், சுப்பர் டீசல்தான் அடிக்கவேண்டும். புகையைச் சுத்தமாக்கும் அட்புளூ என்ற திரவமும் தீராமல் பார்க்கவேண்டும். அதோடு கல்யாண ஓட்டம் என்பது பெரும்பாலும் சின்ன ஓட்டம்: வீட்டிலிருந்து கோவில், கோவிலிலிருந்து மண்டபம். டீசலின் புகை வடிக்கு ஆகாத ஓட்டமே அதுதான்.

எஸ் 400 ஹைபிரிட் பெற்றோல். டர்போ இல்லாத மூன்றரை லீற்றர் வி6, 306 குதிரைவலு. அதோடு 27 குதிரைவலு மோட்டார். பற்றரி 0.8 கிலோவாட் மணிதான், எஞ்சின் அறைக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே பூட்டில் கை வைக்கவில்லை, 510 லீற்றர் முழுதாக இருக்கிறது. பெற்றோல் சிக்கனம் என்று பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். எனக்குப் பிடித்தது வேறொன்று. இதில் ஏ.சி. கொம்பிரசரை எஞ்சின் பெல்ற் சுற்றுவதில்லை, மின்சாரமே சுற்றுகிறது. பங்குனி வெயிலில் கோவில் வாசலில் முகூர்த்தத்துக்குப் பெண் காத்திருக்கும்போது எஞ்சின் அடிக்கடி நின்று நின்று ஓடும், குளிர் நிற்காது, பக்கத்தில் நிற்பவர்கள் புகை குடிக்கவும் தேவையில்லை. கல்யாணக் காருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரு எச்சரிக்கை: அந்தப் பற்றரியையும் அதே ஏ.சி. காஸ்தான் குளிர்மைப்படுத்துகிறது. காஸ் கசிந்தால் "வெக்கையா இருக்கு" என்பதோடு போகாது, ஹைபிரிட்டும் மக்கர் பண்ணும். ஏ.சி. குறைந்த எஸ் 400-ஐ யாராவது மலிவாகத் தந்தால் தொடவேண்டாம்.

ஔடி ஏ8 அலுமினிய உடம்பு. ஒரு மாடு இடித்தால் நெளிவெடுக்க இங்கே ஆள் இல்லை, விட்டுவிட்டோம். லெக்சஸ் எல்.எஸ். உழைப்புக்குப் பெயர்போனது, ஆனால் நாட்டில் ஓடுவதே சில. உடைந்த வண்டியிலிருந்து பழைய சாமான் கழற்றி எடுக்கும் வழியில்லாத காரை வன்னியில் வைத்திருக்க முடியாது. மாமா கடைசிவரை ரொயோட்டா கிரவுனைச் சொன்னார். சொந்தப் பாவனைக்கு, நாளும் பொழுதும் தானே ஓட்டுகிறவருக்கு நானும் கிரவுனைத்தான் சொல்வேன். கல்யாண வீட்டுக்காரர் கேட்பது அதை அல்ல.

ஆகவே எங்கள் தெரிவு எஸ் 400 ஹைபிரிட், 2014 அல்லது 2015, நீள உடம்பு. உங்கள் ஓட்டம் வேறென்றால் தெரிவும் வேறு. வவுனியா நகரத்துக்குள் இருந்துகொண்டு கிழமைக்கு இரண்டு தரம் கொழும்பு போகிறவர் கிரவலில் கால் வைக்கவே மாட்டார். அவருக்கு 740 எல்.ஈ. என்னுடையதைவிட நல்ல கார். வட்டுவாகல், கொக்குளாய்ப் பக்கம் மாரியில் ஓடவேண்டியவர் இந்தக் கார்கள் எதையும் எடுக்காமல், உயர்ந்த ஜீப் வகை ஒன்றைப் பார்ப்பது நல்லது.

வாங்குகிற விலையில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வேறு கணக்கில் போட்டுவிட்டோம். காற்றுப் பை, கொம்பிரசர், ரயர் என்று முதல் இரண்டு வருடத்தில் ஏதோ ஒன்று கேட்கும். அந்தப் பணம் இல்லையென்றால் ஒரு படி கீழே இறங்கி ஈ கிளாஸ் எடுப்பது மேல் என்று மச்சானிடமும் நேரே சொன்னேன்.

இங்கிலாந்திலிருந்து வந்த காரென்றால் அதன் பழைய இங்கிலாந்து இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அந்த நாட்டில் மூன்று வயது தாண்டிய கார்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.ரி. என்ற வாகனத் தகுதிச் சோதனையின் பதிவை அரசாங்கத் தளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு சோதனையின்போதும் எத்தனை மைல் என்று அதில் இருக்கும். மீற்றரைத் திருப்பியிருந்தால் அங்கே பிடிபடலாம். பனிக்கு உப்புப் போடும் றோட்டில் ஓடியதால் அடியில் துருவையும் பாருங்கள். பெயர் மாற்றாமல், வெற்றுப் படிவத்தில் கையொப்பம் வாங்கிக் கைமாறி வந்த வண்டியானால், பதிவுப் புத்தகத்தில் பெயருள்ளவரை நேரில் காணாமல் முற்பணம் கொடுக்கவேண்டாம்.

கடைசிச் சோதனையை எனக்குச் சொல்லித்தந்தவர் பரந்தனில் கராஜ் வைத்திருக்கும் ஒரு வயதான அண்ணை. "தம்பி, பகலிலை போய்ப் பாக்காதை. பின்னேரம் போய் அளந்துபோட்டு, விடியக் காலமை திரும்பப் போ. ராவிலை காத்து இறங்கினா அப்பதான் தெரியும்." ரயருக்கும் மேலே உள்ள மட்காட்டுக்கும் இடையில் விரலை அடுக்கி வைத்து நாலு பக்கமும் அளக்கவேண்டும். காற்றுப் பை மெல்லக் கசிந்தால் கொம்பிரசர் ஓயாமல் ஓடி அதுவும் எரிந்துபோகும். ஒரு செலவு இரண்டாகும். கிரவல் தூசி அதற்கு எமன். பையை மூடியிருக்கும் றப்பர் உறை கிழிந்தால் மணல் உள்ளே போய் அரைக்கும். காலையில் இன்னொன்றும் தெரியும். இரவு முழுக்க நின்ற இந்த வி6-ஐ ஸ்ராட் பண்ணும்போது இரண்டு மூன்று நொடிக்குக் 'கடகட' என்று சங்கிலிச் சத்தம் வந்தால், சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் ரென்சனரில் ஒயில் நிற்கவில்லை என்று அர்த்தம். சூடான எஞ்சினில் அந்தச் சத்தம் வராது. அதனால்தான் சிலர் நாம் போகும்முன்பே ஸ்ராட் பண்ணி வைத்திருப்பார்கள். பொனற்றில் கை வைத்துப் பாருங்கள்.

கொழும்புப் பக்கம் முதலில் பார்த்த காரில் பின்னேரம் நாலு விரல், காலையில் முன் இடது பக்கம் மூன்று விரல். விற்கிறவர் குளிர்க் காலநிலை என்றார். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் இரண்டாவது கார். பின்னேரம் நாலு பக்கமும் நாலு விரல். தெரிந்தவர் வீட்டில் படுத்துவிட்டு விடிய ஐந்தரைக்கே போனேன். புல்லில் பனி, பொனற் குளிர்ந்து கிடந்தது. நாலு விரல், நாலு விரல், நாலு விரல், பின் வலதும் நாலு விரல். வீட்டுக்காரர் சாவியைத் தந்தார். ஸ்ராட் பண்ணினேன். சத்தமில்லை. அங்கேயே கேற்றடியில் நின்று மச்சானுக்கு அழைத்துச் சொன்னேன், எட்டு மணிக்கு வங்கி திறந்ததும் முற்பணம் போட்டோம்.